கரையோரக் கேள்விகள்: மெழுகுவர்த்திக் கணக்கு

கிரேக்கக் கம்பெனிக் கப்பலில் வேலை பார்க்கும் என் தம்பி, மாலுமிகளோடு ஒரு கிரேக்க நகைச்சுவைப் படம் பார்த்தானாம். அதில் வரும் சாமியார் ஏழைகளுக்காகப் பொய் சொல்கிறார், கடன் வாங்குகிறார், வீட்டில் மனைவியிடம் திட்டும் வாங்குகிறார். சாமியாருக்கு மனைவி எப்படி? அவரை இப்படிக் கேலி செய்யலாமா, அய்யா?
– வாசகர், மண்டபம்

மனைவி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கிரேக்கர்களின் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் கல்யாணம் ஆனவர் குருப்பட்டம் பெறலாம். பட்டத்துக்குப் பிறகு கல்யாணம் கூடாது. ஆயர் (பிஷப்) பதவிக்கு மட்டும் துறவிகளிலிருந்து எடுப்பார்கள். ஆகவே அந்தச் சாமியார் திட்டு வாங்கியது திருச்சபைச் சட்டத்துக்கு உட்பட்டுத்தான்.

கேலிக்கு வருகிறேன். தங்கச்சிமடத்தில் ஒரு மளிகைக் கடையில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம். மீன்பிடித் தடைக்காலம் அப்போது 45 நாள் (61 ஆனது 2017-இல்). ஏப்ரல் 15 வந்தால் விசைப்படகுகள் நின்றுவிடும். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. விசைப்படகில் கூலிக்குப் போகிறவன் வீட்டில்தான் இரண்டாவது வாரமே அடுப்பு எரியாது. பக்கத்து ஊர்ப் பங்குச் சாமியார் ஒருவர் பழைய டிவிஎஸ் 50-இல் வந்து இறங்குவார். ஊர்ப் பெயர் வேண்டாம். "கோயிலுக்கு மெழுகுவர்த்தி" என்பார். ஏற்றுவதோ அரிசி மூட்டை. கணக்கிலும் மெழுகுவர்த்தி என்றே எழுதச் சொல்வார். பங்குப் பேரவையில் அரிசிக்குக் கணக்குக் கேட்பார்களாம், மெழுகுவர்த்திக்குக் கேட்க மாட்டார்களாம்.

எங்கள் முதலாளி மரைக்காயர். ஒருநாள் பேரேட்டைப் புரட்டிவிட்டு, "கணக்கப்பிள்ளை, ஒரே வாரத்தில் 75 கிலோ மெழுகுவர்த்தியா? பாம்பன் பாலம் வரைக்கும் வெளிச்சம் தெரிந்திருக்க வேண்டுமே!" என்றார். சாமியாரிடம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. தடை நீங்கியதும் கடனில் இரண்டு தவணை வந்தது. மூன்றாவது வரவேயில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடச் சொன்னார் முதலாளி. கிழித்தேன், ஆனால் எறியவில்லை, இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது.

ஊரே அவரை 'மெழுகுவர்த்திச் சாமி' என்று சொல்லிச் சிரித்தது. அதிகம் சிரித்தவர்கள் அந்த அரிசியைத் தின்றவர்கள். யாரும் கேலி செய்யத் துணியாத சாமியார் ஒருவரும் அந்தப் பகுதியில் இருந்தார். அவரிடம் யாரும் அரிசி கேட்டுப் போனதில்லை.

கிரேக்கர்களுக்கு இந்தக் குறும்பு எப்போதிருந்து?
– வாசகர், தேவிபட்டினம்

இயேசு பிறப்பதற்கு முன்பிருந்தே. கிரேக்க நகைச்சுவை நாடக ஆசிரியர் அரிஸ்டோபனிஸ் கி.மு. 388-இல் மேடையேற்றிய 'புளூட்டஸ்' என்ற நாடகத்தைக் கேளுங்கள். ஏழைக் கிழட்டு விவசாயி ஒருவன், 'நேர்மையாக இருந்து நான் கண்ட பலன் போதும், மகனையாவது அயோக்கியனாக வளர்க்கட்டுமா?' என்று டெல்பி கோயிலில் குறி கேட்கிறான். வெளியே போனதும் முதலில் எதிர்ப்படுகிறவன் பின்னால் போ என்று வாக்கு வருகிறது. எதிர்ப்பட்டவர் ஒரு குருட்டுக் கிழவர். அவர்தான் செல்வக் கடவுள்! நல்லவர்களாகப் பார்த்துப் போய்விடக் கூடாது என்று கடவுளர்களின் அரசனான சேயுஸ் அவர் கண்ணைப் பறித்திருக்கிறான்.

வைத்தியக் கடவுளான அஸ்க்லேப்பியஸின் கோயிலில், பார்வை திரும்ப வேண்டி, அவரை ஓர் இரவு படுக்க வைக்கிறார்கள். (ஏர்வாடி தர்காவில் நோயாளிகள் தங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) விளக்கு அணைந்ததும் பூசாரி மெல்ல எழுந்து பலிபீடம் பலிபீடமாகச் சுற்றி, படையலில் மிஞ்சிய பணியாரத்தையும் அத்திப்பழத்தையும் சாக்கில் போட்டுக்கொள்கிறார். விழித்துக்கொண்டு கிடந்த விவசாயியின் அடிமை அதைப் பார்க்கிறான். இதுவும் பூசைதான் போலிருக்கிறது என்று, தானும் எழுந்து பக்கத்துக் கிழவியின் கஞ்சிப் பானையை நோக்கிப் போகிறான்.

கடவுளுக்குப் பார்வை வந்து நல்லவர்கள் எல்லாம் பணக்காரர்கள் ஆனதும், சேயுஸ் கோயில் பூசாரி பசியோடு ஓடி வருகிறார். முன்பு கடலில் தப்பி வந்த வணிகன் பலி கொடுப்பான், வழக்கில் தப்பியவன் கொடுப்பான். இப்போது கோயில் பக்கம் வருகிறவன் மலசலத்துக்கு ஒதுங்கத்தான் வருகிறான் என்று புலம்புகிறார். புயலில் தப்பிக் கரையேறினால் நேர்ச்சை செலுத்தும் நம் கடற்கரைக்கு இது நன்றாகவே புரியும். எங்கள் மெழுகுவர்த்திச் சாமியும் சாக்கோடுதான் அலைந்தார். சாக்கு போன திசைதான் வேறு.

நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் வழக்கத்தை மீறிய வெளிநாட்டுச் சாமியார் யாராவது உண்டா?
– வாசகர், தொண்டி

தொண்டியில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? ஓரியூர் உங்களுக்கு எவ்வளவு தூரம்! 1647-இல் லிஸ்பனில் பிரபு வீட்டில் பிறந்த ஜான் டி பிரிட்டோ இங்கே வந்து காவி கட்டினார், மாமிசத்தை விட்டார், அருளானந்தர் ஆனார். சேதுபதி நாட்டு அரசியலில் சிக்கி 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் வெட்டுப்பட்டார். 1947-இல் ரோம் அவரைப் புனிதர் என்று அறிவித்தது. அந்த இடத்துச் செம்மண்ணை இன்றும் மடித்து எடுத்துப் போகிறார்கள். இவரை வைத்து யாரும் நகைச்சுவைப் படம் எடுக்க மாட்டார்கள். ஆனால் வந்த புதிதில், வாழையிலையில் சாறு ஓடுவதைத் தடுக்கத் தெரியாமல் அந்தப் பிரபு வீட்டுப் பிள்ளை தவித்தபோது, பக்கத்துப் பந்தியில் இருந்தவர்கள் சிரிக்காமலா இருந்திருப்பார்கள்?