ஹிட்லர் ஆட்சியில் யூதர்களைக் கொலை முகாம்களுக்கு அனுப்பிய ரயில்வே அதிகாரிகளுக்கு உண்மை தெரியுமா? மறுத்திருக்க முடியுமா?

தெரியும். கடைநிலை ஊழியர் எல்லோருக்கும் எல்லாமும் தெரிந்திருக்காது, ஆனால் நேர அட்டவணை போட்டவர்களுக்கும் கட்டணக் கணக்குப் பார்த்தவர்களுக்கும் தெரியாமல் இருந்திருக்க வழியே இல்லை. "மேலிருந்து உத்தரவு, வண்டியை விட்டோம், மறுத்தால் உயிர் போயிருக்கும்" என்ற பேச்சை நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

பெர்லினில் வேலை பார்த்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை க்ரூனவால்ட் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே யூதர்களை ரயிலேற்றிய 17ஆம் தடம் இப்போது நினைவிடம். தண்டவாளத்தின் இருபுறமும் இரும்புத் தகடுகள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் தேதி, எத்தனை யூதர்கள், எந்த ஊருக்கு என்று மட்டும் இருக்கிறது. முதல் தேதி 18.10.1941. குனிந்து படித்துக்கொண்டே போய்க் கடைசித் தகட்டுக்கு வந்தேன்: 27.3.1945, 18 யூதர்கள், தெரேசியன்ஸ்டாட் (நாஜிகளின் முகாம் இருந்த ஊர்). சோவியத் படை பெர்லினுக்குப் பக்கத்தில் ஓடர் ஆற்றங்கரைக்கே வந்துவிட்ட நேரம் அது, பெர்லின் மேல் குண்டு விழுந்துகொண்டிருக்கிறது, அப்போதும் ஒருவர் உட்கார்ந்து அந்த 18 பேருக்குப் பயண ஏற்பாடு செய்திருக்கிறார். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

அப்புறம்தான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஜெர்மன் ரயில்வே இவர்களைச் சரக்காகக் கணக்கு வைக்கவில்லை, பயணிகளாகத்தான் வைத்தது. ஏற்றியது பெரும்பாலும் சரக்குப் பெட்டியில்தான், ஆனால் கட்டணம் மூன்றாம் வகுப்பு, கிலோமீட்டருக்கு 4 ஃபென்னிக் (ஜெர்மன் காசு). 10 வயதுக்குக் கீழே இருந்தால் பாதி, 4 வயதுக்குக் கீழே இலவசம், 400 பேருக்கு மேல் போனால் சுற்றுலாக் கூட்டத்துக்குத் தருவதுபோலக் குழுச் சலுகை. யூதர்களுக்கு ஒருவழி டிக்கெட், கூடப் போன காவலர்களுக்குப் போகவர. இதைக் கணக்கெழுதிய குமாஸ்தாவுக்கு வேறு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டுமா?

மேலே உள்ளவர்கள் விஷயத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. போக்குவரத்து அமைச்சகத்தின் அரசுச் செயலர் ஆல்பர்ட் கான்சன்முல்லர் 28 ஜூலை 1942 அன்று எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லரின் உதவியாளர் கார்ல் வோல்ஃபுக்குக் கடிதம் எழுதுகிறார்: ஜூலை 22 முதல் தினமும் 5,000 யூதர்களுடன் ஒரு ரயில் வார்சாவிலிருந்து ட்ரெப்ளிங்காவுக்குப் போகிறது என்று. ட்ரெப்ளிங்கா ஒரு சின்னக் கிராமம், கொலை முகாம் இருந்தது அங்கேதான். தினமும் 5,000 பேர் போய் இறங்குகிறார்கள், அட்டவணையில் திரும்பும் வண்டி காலி என்று எழுதியிருக்கிறது. போருக்குப் பிறகு கான்சன்முல்லர் அர்ஜென்டினாவுக்குப் போய், 1955இல் ஊர் திரும்பினார். 1973இல் ட்யூசல்டார்ஃபில் வழக்கு தொடங்கியது. அவருக்கு மாரடைப்பு வந்ததும் விசாரணை நின்றது, பிறகு நடக்கவே இல்லை. தண்டனை இல்லாமல் 1996இல் இறந்தார். இதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, மறுத்திருக்க முடியுமா? ஒரு தனி ஓட்டுநரை நான் சுலபமாகக் குற்றம் சொல்ல மாட்டேன், அவர் பயமும் நிஜம்தான். ஆனால் பிரான்சில் லியோன் ப்ரோன்ஷார் என்ற ஓட்டுநர் 1942 அக்டோபரில் மோண்டோபானில் அரசியல் கைதிகளை ஏற்றிய ரயிலை ஓட்ட மாட்டேன் என்று இறங்கிவிட்டார். அதற்காக அவரைச் சுட்டுவிடவில்லை. நெதர்லாந்தில் நடந்தது இன்னும் மனதை அறுக்கிறது. 1,00,000க்கும் அதிகமான யூதர்கள் அங்கிருந்து அனுப்பப்பட்டார்கள், அந்த நாட்டு ரயில்வே ஓட்டியது, ஜெர்மானியரிடம் பணமும் வாங்கியது. 17 செப்டம்பர் 1944 அன்று, நாட்டைவிட்டு வெளியேறி லண்டனில் இருந்த அவர்களுடைய அரசு கேட்டுக்கொண்டதும், நேசப் படைகளுக்கு உதவியாக ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். படைகள் பக்கத்தில் வந்துவிட்ட தைரியமும் அதில் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நெதர்லாந்தில் யூதர்களை அடைத்து வைத்திருந்த வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குக் கடைசி ரயில் செப்டம்பர் 3ஆம் தேதியே போய்விட்டது.

பெற்றோரை அந்த ரயில்களில் இழந்த சாலோ முல்லர், அயாக்ஸ் கால்பந்து அணியின் பழைய பிசியோதெரபிஸ்ட், பல வருஷம் விடாமல் போராடிய பிறகுதான் 2019இல் நெதர்லாந்து ரயில்வே, முகாம்களிலிருந்து பிழைத்தவர்களுக்கு ஆளுக்கு 15,000 யூரோ தருவதாக அறிவித்தது. அதற்குள் வாங்க வேண்டியவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை.