நடுவில் நிற்பது – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

நான் கொழிஞ்சாம்பாறை பக்கம். கோவையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பொள்ளாச்சியில் ஒரு நண்பன் வீட்டு மொட்டைமாடியில் ஐந்து பேர் கூடி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்துகிற விளையாட்டு. உங்களுக்கும் இந்த விளையாட்டு பழக்கம் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கேட்கிறேன்.

கதையை நடத்துகிற எங்கள் டிஎம் இந்த முறை ஒரு ஆற்றை வைத்தான். மேலூரில் அணை, கீழூரில் வயல். மழை பொய்த்த வருஷம். மேலூர்த் தலைவன் மதகை இறக்கிவிட்டான். கீழூர்க்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாக அணையை உடைக்கக் கிளம்பினார்கள். மற்ற மூன்று பேரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். என் கேரக்டர் ஒரு டுரூயிட், இயற்கையோடு சேர்ந்த மந்திரக்காரன். முதல் நாளிலிருந்தே ஷீட்டில் அவன் குணம் 'ட்ரூ நியூட்ரல்', அதாவது முழு நடுநிலை, என்று எழுதி வைத்திருக்கிறேன். அதனால் நான் போகவில்லை. மேலூருக்கும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆற்றங்கரை மரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். உடைக்கப் போனவர்கள் தோற்றுத் திரும்பினார்கள். பத்து நாளில் கீழூர் காலி. போகிற வழியில் ஒரு குழந்தை தாகத்தில் செத்துவிட்டது என்று டிஎம் சொன்னான். அப்புறம் என்னைப் பார்த்து, "இது உன் கணக்கு" என்றான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நடுநிலை விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. விளையாட வந்த இடத்தில் எதற்கு நீதி வகுப்பு? இன்னொன்றும் இருக்கிறது அண்ணா. எங்கள் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். ரேஷன் கார்டு கேரளா, சொந்தபந்தம் எல்லாம் பொள்ளாச்சி, உடுமலை. ஆளியாறு தண்ணீர்ப் பிரச்சினை கிளம்பினால் இங்கே ஒரு மாதிரி பேசுவார்கள், அங்கே ஒரு மாதிரி பேசுவார்கள். இரண்டு இடத்திலும் வாயை மூடிக்கொண்டு இருக்கத்தான் நாங்கள் பழகியிருக்கிறோம். அது கோழைத்தனமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கோழைத்தனம் இல்லை. ஆனால் அதை நடுநிலை என்றும் நான் சொல்ல மாட்டேன். நீங்கள் இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவர். கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் டீக்கடைகளில் தண்ணீர்ப் பேச்சு சூடாகும்போது நானும் டம்ளரை வைத்துவிட்டுப் பேசாமல் எழுந்து வந்திருக்கிறேன். அங்கே யாரும் நம்மிடம் நியாயம் கேட்பதில்லை. நீ எந்தக் கட்சி என்றுதான் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க நமக்கு உரிமை உண்டு. உங்கள் டுரூயிட்டிடம் யாரும் கட்சி கேட்கவில்லையே. மதகு இறங்கிவிட்டது, ஊர் தவிக்கிறது, நீ என்ன செய்யப்போகிறாய் என்பது மட்டும்தான் அங்கே கேள்வி.

இந்த 'ட்ரூ நியூட்ரல்' எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் உங்கள் கோபம் கொஞ்சம் தணியலாம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் இந்த விளையாட்டை வெளியிட்டபோது அதில் நல்லது கெட்டது என்ற பிரிவே கிடையாது. ஒழுங்கு, குழப்பம், நடுவில் நடுநிலை, அவ்வளவுதான். யார் எந்தப் படையில் நிற்பார் என்று சொல்கிற அடையாளம் போல அது இருந்தது. நன்மையும் தீமையும் சேர்ந்து ஒன்பது கட்டம் ஆனது 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில். அந்த ஒன்பதில் நட்டநடுக் கட்டம் டுரூயிட்டுக்கு என்றே ஆகிப்போனது. அந்தக் காலத்து விதிப்படி டுரூயிட்டாக ஆடினால் வேறு எதுவும் எழுத முடியாது.

அந்தக் கட்டத்துக்கு 1989 பதிப்பு ஒரு உதாரணம் கொடுத்தது. நோல் என்ற கொடிய கூட்டத்தை அடக்க உள்ளூர்ப் படையோடு ஒரு டுரூயிட் சேர்கிறார். நோல்கள் அழியப்போகிற நேரத்தில் படையை விட்டு விலகுகிறார், அல்லது நோல்கள் பக்கமே போய்விடுகிறார். ஏனென்றால் உலகத்தில் நன்மையும் தீமையும் சரிக்குச் சரியாக இருக்க வேண்டுமாம். முதல் தடவை இதைப் படித்தபோது எனக்குப் பெரிய தத்துவமாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தெரியவில்லை. நேற்றுவரை அந்த நோல்களிடம் ஆடுமாடும் பிள்ளைகளும் பறிகொடுத்த கிராமத்துக்காரன் ஒருவன் அந்தப் படையில் இருந்திருப்பான். அவன் முகத்தைப் பார்த்து இந்த டுரூயிட் என்ன சொல்லிவிட்டுப் போவார்?

வள்ளுவர் நடுவுநிலைமைக்கு வைத்த அதிகாரத்திலும் தராசுதான் வருகிறது. 'சமன்செய்து சீர்தூக்கும் கோல்போல்' என்கிறார். பள்ளியில் இதை மனப்பாடம் செய்தபோது எனக்கு 'சமன்' மட்டும் மனதில் நின்றது. 'சீர்தூக்கும்' என்ற வார்த்தையைப் பிற்பாடு எங்கள் ஊர் மளிகைக்கடையில்தான் புரிந்துகொண்டேன். கடைக்காரர் காலையில் வெறும் தட்டோடு தராசைத் தூக்கிப் பார்ப்பார், முள் நடுவில் நிற்கிறதா என்று. நின்றால்தான் வியாபாரம். அப்புறம் சரக்கை வைத்ததும் தட்டு எடை இருக்கிற பக்கம் இறங்கும். இறங்கித்தான் ஆக வேண்டும். எதை வைத்தாலும் முள் நடுவிலேயே நிற்கிற தராசை யாரும் கடையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த 1989 டுரூயிட் செய்வது இன்னும் மோசம். தட்டு இறங்கும்போதெல்லாம் எதிர்த்தட்டில் கல்லைப் போட்டு முள்ளை நடுவுக்குக் கொண்டுவருகிறார்.

நம் ஊர்த் தண்ணீர்க் கணக்கிலும் இப்படி ஒரு கோல் இருக்கிறது. பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது. தமிழ்நாடு கேரளாவின் சித்தூர்ப்புழைக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி விட வேண்டும், அதை மணக்கடவு அணைக்கட்டில் அளக்க வேண்டும். அங்கே நிற்கிற அளவுகோலுக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. தண்ணீர் குறைந்தால் குறைந்தது என்று காட்டும். டீக்கடையில் யாராவது கத்தினால் நீங்கள் கட்சி சேர வேண்டியதில்லை. "இந்த வருஷம் மணக்கடவில் எவ்வளவு வந்திருக்குங்க?" என்று கேட்கலாம். அதோடு, பொள்ளாச்சி நண்பர்களில் எத்தனை பேருக்கு கேரளாவில் மூலத்தரைக்குக் கீழே தண்ணீருக்குக் காத்திருக்கிற விவசாயிகளில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் என்று தெரியும்? கேரளப் பக்கம் எத்தனை பேருக்கு வெள்ளகோவில், காங்கேயம் கடைமடைக்காரர்கள் அதே பரம்பிக்குளம் ஆளியாறு தண்ணீருக்கு வருஷா வருஷம் கேட்டுக்கொண்டே இருப்பது தெரியும்? உங்களுக்கு இரண்டும் தெரியும். உங்கள் இடத்தில் இருக்கிறவர் மட்டுமே சொல்லக்கூடிய சேதி அது.

சரி, என் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் உங்கள் டுரூயிட்டைப் பற்றி நான் பேசக்கூடாது.

எனக்கு அப்போது 19 வயது. எங்கள் வயல் வாய்க்காலின் நடுப்பகுதியில். முறைத் தண்ணீர், ஒவ்வொரு வயலுக்கும் வாரத்தில் இத்தனை மணி நேரம் என்று கணக்கு. கடைமடையில் ஒரு அக்கா, புருஷன் போனபிறகு தனியாக அரை ஏக்கர் நெல் போட்டிருந்தார். ஒருநாள் ராத்திரி இரண்டு மணி இருக்கும், பன்றி இறங்குகிறதா என்று பார்க்க டார்ச்சோடு போனேன். பக்கத்து வயல்காரர், எனக்கு மாமன் முறை, மடையில் குனிந்து நின்றிருந்தார். அது அந்த அக்காவுடைய முறை. கீழே போகிற தண்ணீரை மண் நிரப்பிய சாக்கு வைத்து அடைத்துத் தன் வயலுக்குத் திருப்பியிருந்தார். வெளிச்சம் பட்டதும் நிமிர்ந்தார். கையில் இருந்த மம்மட்டியிலிருந்து சேறு சொட்டிக்கொண்டிருந்தது. "போய்ப் படு மாப்பிள்ளை" என்றார். போய்ப் படுத்துவிட்டேன்.

காலையில் வேப்பமரத்தடியில் பேச்சு. அக்கா என்னைப் பார்த்து, "ராத்திரி அந்தப் பக்கம் டார்ச் வெளிச்சம் தெரிஞ்சுதே, நீதானே கண்ணு? எதாச்சும் பாத்தியா?" என்று கேட்டார். "எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதானுங்க அக்கா" என்றேன். பொய் சொல்லவில்லை, பாருங்கள். யாரையும் விட்டும் கொடுக்கவில்லை. பையன் பக்குவமாகப் பேசுகிறான் என்று பெரியவர் ஒருவர் சொன்னார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சாட்சி இல்லை, பேச்சு முடிந்தது.

அது கதிர் பால் பிடிக்கிற சமயம். ஏற்கெனவே கடைமடையில் தண்ணீர் தட்டுப்பாடு, அந்த ஒரு முறையும் போனதில் பாதிக்கு மேல் பதர். அறுப்பு முடிந்து ஒருநாள் அந்தக் களத்து வழியாகப் போனேன். அக்கா முறத்தில் தூற்றிக்கொண்டிருந்தார். காற்று என் பக்கம் அடித்தது, பதர் வந்து என் சட்டையெல்லாம் ஒட்டியது. அவர் தூற்றுவதை நிறுத்தி, நான் கடந்து போகிறவரைக்கும் முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மடைத் தண்ணீரை மாமனுக்குக் கொடுத்தது நான்தான் என்று வீட்டுக்கு வந்து சட்டையை உதறும்போதுதான் எனக்கு உறைத்தது.

கணினி விளையாட்டுகளில் இந்த உறுத்தல் வராமல் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2011இல் வந்த ஸ்கைரிமை எடுத்துக்கொள்ளுங்கள். பேரரசுப் படைக்கும் ஸ்டார்ம்கிளோக் கிளர்ச்சிக்காரர்களுக்கும் உள்நாட்டுப் போர். நீங்கள் எதிலும் சேராவிட்டால் அந்தப் போர் உங்களுக்காக நின்றுவிடும். நீங்கள் மூலிகை பறிக்கலாம், வீடு வாங்கலாம், கல்யாணம் பண்ணலாம், ஒரு கோட்டையும் கைமாறாது. விளையாட்டு உங்கள் தயக்கத்துக்கு விலை வைக்கவில்லை. அதிலேயே ஒரு இடம் எனக்குப் பிடிக்கும். போரை முடிக்காமல் விட்டிருந்தால், டிராகன் பிரச்சினைக்காக இரண்டு தரப்பையும் ஒரே மேஜையில் உட்கார வைக்க வேண்டி வரும். அப்போது எந்த ஊர் யாருக்கு என்ற பேரத்தில் உங்களையும் வாய் திறக்கச் சொல்வார்கள். கட்சி சேராதவனுக்கும் அங்கே வேலை வந்துவிடுகிறது.

உங்கள் டிஎம் அந்தச் சலுகையைத் தரவில்லை. ஆறு உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. இந்த மட்டில் அவர் செய்தது நல்ல கதை. ஆனால் "இது உன் கணக்கு" என்றது தவறு. முதல் கணக்கு மதகை இறக்கிய தலைவனுடையது. அதை அவர் மறந்துவிட்டு மேஜையில் இருந்த ஒரே நடுநிலைக்காரர் மேல் போட்டிருக்கிறார். அணையை உடைக்கப் போன உங்கள் நண்பர்களையும் நான் முழுக்கப் பாராட்ட மாட்டேன். வறண்ட வருஷத்தில் அணை உடைந்தால் இருக்கிற தண்ணீரும் ஒரே ராத்திரியில் ஓடிப்போகும். கீழூருக்கும் அது மிஞ்சாது. ஒரு பக்கம் சேர்ந்துவிட்டதாலேயே யோசிக்கிற வேலை தீர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள்.

அப்படியானால் நடுவில் நிற்கிறவன் என்னதான் செய்வது? புறநானூற்றின் 44ஆம் பாட்டு. நலங்கிள்ளி ஆவூரை வளைத்துக்கொண்டு நிற்கிறான். உள்ளே நெடுங்கிள்ளி கதவை அடைத்துக்கொண்டு இருக்கிறான். இருவருமே சோழர்கள். கோவூர் கிழார் நெடுங்கிள்ளியைப் பார்த்துப் பேசுகிறார். நாடு யாருக்கு என்ற வழக்குக்குள் அவர் போகவே இல்லை. உன் யானைகள் கவளம் இல்லாமல் கட்டுத்தறியில் கிடந்து பெருமூச்சு விடுகின்றன, பால் இல்லாமல் குழந்தைகள் அலறுகின்றன, பெண்கள் பூ இல்லாத தலையை முடிந்துகொள்கிறார்கள், நல்ல வீடுகளிலிருந்து தண்ணீர் இல்லை என்ற அழுகை கேட்கிறது, இதற்கு நடுவில் நீ இங்கே சுகமாக இருக்கிறாயே என்கிறார். பிறகு சொல்கிறார்: 'அறவை ஆயின் நினது எனத் திறத்தல், மறவை ஆயின் போரொடு திறத்தல்.' அறம் பார்க்கிறவன் என்றால் 'உனக்கே' என்று திற, வீரன் என்றால் போருக்குத் திற. இரண்டும் இல்லாமல் மதிலுக்குள் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடப்பது வெட்கக்கேடு என்கிறார். அரசனின் முகத்துக்கு நேரே, முற்றுகைக்கு நடுவில். இந்தப் பாட்டில் இரண்டு சோழரில் எவருக்கும் அவர் ஆள் இல்லை. பால் இல்லாத குழந்தைக்கு ஆள்.

உங்கள் டுரூயிட் மேலூர்த் தலைவனிடம் போய் இப்படிப் பேசியிருக்கலாம். அதற்குக் கட்டத்தை மாற்றி எழுத வேண்டியதில்லை. அவ்வளவு துணிச்சல் வேண்டாம் என்றாலும், முதல் லெவல் டுரூயிட்டுக்கே தண்ணீர் உண்டாக்குகிற மந்திரம் இருக்கிறது. 2014 விதிப்படி ஒரு தடவைக்கு 10 கேலன், நம் கணக்கில் கிட்டத்தட்ட 38 லிட்டர். ஊருக்குப் போதாது. வயலுக்குக் காணவே காணாது. அந்தக் குழந்தைக்குப் போதும். நடுநிலை இதைத் தடுக்கிறது என்று எந்தப் பதிப்பிலும் எழுதவில்லை. அதே 2014 புத்தகத்தில் 'எந்தக் கட்டமும் இல்லாதவை' என்று ஒரு வகை தனியாக உண்டு, தெரியுமா? நல்லது கெட்டது யோசிக்க முடியாத மிருகங்களுக்காக வைத்தது. டுரூயிட்டை அங்கே வைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஆட்டம் தொடர்கிறது என்றால், கீழூர்க்காரர்கள் இப்போது எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று டிஎம்மிடம் கேளுங்கள். உங்கள் டுரூயிட் அங்கே போகட்டும். அவர்கள் நல்ல வார்த்தை சொல்ல மாட்டார்கள், அந்தத் தாய் முகம் கொடுக்காமல்கூட இருக்கலாம். குடத்தை நிரப்பி வைத்துவிட்டு மதகு வரை நடந்து போய் அங்கே என்ன அளவு நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்