மேட்டில் ஏறும்போதே இறங்குமிடத்தைப் பாருங்கள்: குவாட் பைக் கேம் கேள்வி பதில்

பழைய கன்சோல் ரேஸ் கேம்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் சொல்லியிருந்தேன். வந்ததில் குவாட் பைக் (கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் நாலு சக்கர பைக், ‘ஏடிவி’ வகை வண்டிகளில் ஒன்று) கேம்களைப் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் என்பதால் முதல் பதில் நீண்டுவிட்டது.

கேள்வி: கார் ரேஸ் கேம்களில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. நண்பர் ஒருவர் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த ‘ஏடிவி ஆஃப்ரோடு ஃப்யூரி’ டிஸ்க்கைக் கொடுத்தார். ஆக்ஸிலரேட்டரை விடாமல் அழுத்தித்தான் ஓட்டுகிறேன், ஆனாலும் எல்லாரும் என்னைத் தாண்டிப் போகிறார்கள், நான் மேட்டுக்கு மேடு கவிழ்கிறேன். எங்கே தப்பு?

பதில்: கார் ரேஸ் பழக்கத்தோடு வருகிறவர்கள் எல்லாருக்கும் நடப்பதுதான். காரில் நேரம் மிச்சமாவது வளைவில். எங்கே பிரேக் பிடிக்கிறோம், எங்கே திரும்புகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தக் கேமில் நேரம் மிச்சமாவதும் வீணாவதும் மேட்டில். அதிலும் மேட்டை விட்டுக் கிளம்பும் இடத்தைவிட, திரும்பத் தரையைத் தொடும் இடம் முக்கியம்.

சூப்பர்கிராஸ் ட்ராக்கில், அதாவது மண் மேடுகளை அடுக்கிச் செய்த பந்தயத் தடத்தில், மேடுகள் இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக வரிசையாக வரும். முதல் மேட்டிலிருந்து கிளம்பி அடுத்த மேட்டின் இறங்கு சரிவில் போய் உட்கார்ந்தால் வேகம் அப்படியே கையில் இருக்கும். கொஞ்சம் குறைவாகப் பறந்தால் அடுத்த மேட்டின் ஏறு முகத்தில் மோதி வண்டி நின்றே போகும். அதிகமாகப் பறந்தால் சரிவைத் தாண்டிச் சமதளத்தில் பொத்தென்று விழுந்து வேகம் பாதியாகும், அல்லது ஆள் தூக்கி எறியப்படுவார். ஆக்ஸிலரேட்டரை விடாமல் அழுத்தினால் இந்த இரண்டில் ஒன்று நடந்துகொண்டே இருக்கும். உங்களுக்கு நடப்பது அதுதான்.

சரி, பறக்கும் தூரத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது? வேகம் ஒரு பாதி. மறு பாதி ‘ப்ரீலோடு’. மேட்டில் ஏறும்போது இடது ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். ஓட்டுபவர் உடம்பைத் தாழ்த்தி சஸ்பென்ஷனை அமுக்குவார். மேட்டின் உச்சி விளிம்பு வரும் அந்தக் கணத்தில் ஸ்டிக்கை முன்னால் தள்ளுங்கள். அமுங்கிய ஸ்பிரிங் விரிந்து வண்டியை மேலே தூக்கிவிடும். சீக்கிரம் தள்ளினால் பலன் இல்லை, தாமதமானால் சக்கரம் ஏற்கெனவே தரையை விட்டிருக்கும். இந்த ஒரு நொடியைக் கை பழகுவதற்குச் சில நாள் ஆகலாம். ஆனால் பழகிய பிறகு அதே ட்ராக் வேறு ட்ராக் மாதிரி தெரியும், நேற்று மூன்று தாவலில் தாண்டிய இடத்தை இன்று ஒரே தாவலில் தாண்டுவீர்கள்.

எல்லா மேட்டுக்கும் ப்ரீலோடு போட வேண்டாம். சின்ன மேடுகள் நெருக்கமாக வரும் இடத்தில் வண்டி காற்றில் இருக்கும் ஒவ்வொரு கணமும் நஷ்டம்தான், சக்கரம் மண்ணைப் பிடித்தால்தானே வண்டி முன்னால் போகும். அந்த மாதிரி இடத்தில் தாழ்வாகவே கடந்துவிடுங்கள். காற்றில் இருக்கும்போது வண்டியின் மூக்கை, இறங்கப் போகும் சரிவின் சாய்வுக்குப் பொருத்திக்கொள்ளுங்கள். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றாகத் தொட வேண்டும். காற்றில் ஸ்டண்ட் செய்கிறீர்கள் என்றால் தரை நெருங்குவதற்கு முன்பே கை ஹேண்டில்பாருக்குத் திரும்பியிருக்க வேண்டும். பாதி ஸ்டண்டில் இறங்கினால் விழுவது நிச்சயம்.

ஒரு யோசனை. ரேஸை விட்டுவிட்டு, போட்டி இல்லாமல் இஷ்டப்படி சுற்றும் ஃப்ரீரைடுக்குப் போய் ஒரே ஒரு மேட்டை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் அதிலேயே தாவிப் பாருங்கள். போட்டிக்கு யாரும் இல்லாதபோது கைக்கு அது சீக்கிரம் பிடிபடும்.

கேள்வி: ‘ஏடிவி ஆஃப்ரோடு ஃப்யூரி’யில் மைதானத்தின் ஓரத்துக்குப் போனால் ஏதோ ஒன்று என்னைப் பீரங்கிக் குண்டு மாதிரி வானத்தில் வீசித் திரும்ப உள்ளே போடுகிறது. கேமில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, வேண்டுமென்றே வைத்தது. இந்தக் கேமைச் செய்தது அமெரிக்காவின் அரிசோனாவில் ஃபீனிக்ஸ் நகரிலிருந்த ரெயின்போ ஸ்டுடியோஸ். அவர்கள் அதற்கு முன் 1998-இல் கம்ப்யூட்டருக்காகச் செய்த ‘மோட்டோகிராஸ் மேட்னஸ்’ கேமிலேயே இது உண்டு. நிலப்பரப்பு எங்காவது முடிந்துதானே ஆக வேண்டும், பிளேஸ்டேஷன் 2-இல் முதன்மை மெமரியே 32 எம்பிதான். மற்ற கேம்களில் அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத சுவர் இருக்கும், முட்டிக்கொண்டு நிற்போம். இவர்கள் அந்த எல்லையையே ஒரு விளையாட்டாக்கிவிட்டார்கள். மலை விளிம்பு வரை சிரமப்பட்டு ஏறிப் போனவருக்கு ஒரு பெரிய பறத்தல் பரிசு. இந்த வகைக் கேம்களில் நான் பார்த்த நல்ல யோசனைகளில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

கேள்வி: ‘ஏடிவி ஆஃப்ரோடு ஃப்யூரி’ வரிசையில் எத்தனை கேம்கள்? எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: பிளேஸ்டேஷன் 2-இல் நான்கு. முதலாவது 2001, இரண்டாவது 2002, இவை ரெயின்போ செய்தவை. 2001 கடைசியில் ரெயின்போவை டிஎச்க்யூ நிறுவனம் வாங்கிவிட்டதால், மூன்றாவதையும் (2004) நான்காவதையும் (2006) பிரிட்டனின் கிளைமாக்ஸ் செய்தது. ரெயின்போ அதன் பிறகு டிஎச்க்யூவுக்காக ‘எம்எக்ஸ் அன்லீஷ்டு’, அப்புறம் 2005-இல் ‘எம்எக்ஸ் வெர்சஸ் ஏடிவி அன்லீஷ்டு’ என்று போனது. ஆக ஒரே வேரிலிருந்து இரண்டு கிளை.

என் கணக்கில் தொடங்க ஏற்றது இரண்டாவது. முதல் கேமின் அதே உடம்பு, ஆனால் ட்ராக்குகள் அதிகம், கையாளுவதும் இதமாக இருக்கும். ஆன்லைன் வசதியோடு வந்தது அது. நான்காவதில் பைக், பக்கி, டிரக் எல்லாம் சேர்ந்துகொண்டன. வண்டிகள் கூடினாலும் குவாட் பைக்கின் மீது மட்டும் இருந்த கவனம் கொஞ்சம் சிதறிவிட்டது என்பது என் எண்ணம். ஸ்டண்ட்தான் முக்கியம், பிரமாண்டமான உயரத்திலிருந்து குதிக்க வேண்டும் என்றால் 2008-இல் வந்த ‘ப்யூர்’ ஆடிப் பாருங்கள், ஆனால் அது அடுத்த தலைமுறைக் கன்சோல்களுக்கும் கம்ப்யூட்டருக்கும் வந்தது.

கேள்வி: இவ்வளவு நாள் நன்றாக ஆடிக்கொண்டிருந்தேன். புது எல்இடி டிவியில் பழைய பிஎஸ்2-வை இணைத்த பிறகு ஒரு தாவல்கூடச் சரியாக வருவதில்லை. எனக்குக் கை தளர்ந்துவிட்டதா?

பதில்: உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. பழைய டப்பா டிவி, கன்சோல் அனுப்பிய படத்தை அப்படியே காட்டிவிடும். புது டிவி அந்தச் சின்னப் படத்தை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றிக் காட்டுவதற்குள் கொஞ்சம் நேரம் கடந்துவிடுகிறது. கார் ரேஸில் இதைச் சமாளித்துவிடலாம். இங்கே உச்சி விளிம்பு திரையில் தெரிந்த பிறகு ஸ்டிக்கைத் தள்ளினால் கேமுக்குள் வண்டி அதைத் தாண்டியிருக்கும். டிவி அமைப்புகளில் ‘கேம் மோடு’ இருந்தால் முதலில் அதைப் போடுங்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயருக்குப் பதில் காம்போனென்ட் வயர் போட்டால் படம் தெளிவாகும், மேட்டின் விளிம்பு கண்ணுக்குத் துல்லியமாகத் தெரியும். அதுவும் ஒரு உதவிதான்.

பிஎஸ்2 கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டர் மூலம் ஆடுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். கூடவே, டிஸ்க்கும் பயோஸும் (கன்சோலுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) உங்களுடைய சொந்தமாக இருக்கட்டும்.

கேள்வி: பத்து வயது மகன் இந்தக் கேமை ஆடி ஆடி, நிஜக் குவாட் பைக் ஓட்டியே ஆக வேண்டும் என்கிறான். நாலு சக்கரம்தானே, பைக்கைவிடப் பத்திரம் என்றும் வாதாடுகிறான். என்ன சொல்வது?

பதில்: ஆசை நியாயமானது, அதைக் கேலி செய்யாதீர்கள். ஆனால் வாதம் தவறு, அதை அவனுக்குப் பொறுமையாக விளக்கிச் சொல்லுங்கள். பந்தய வகைக் குவாட் பைக்குகளில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கமாகப் பூட்டியிருக்கும், ஒரே வேகத்தில்தான் சுற்றும். அதனால் தானாகத் திரும்பாது. ஓட்டுபவர் தன் உடல் எடையை அங்கும் இங்கும் மாற்றி, சக்கரத்தை வழுக்கவிட்டுத் திருப்ப வேண்டும். ஒரு சிறுவனின் எடைக்குப் பெரியவர்கள் வண்டி அசைந்துகொடுக்காது. கவிழ்ந்தால் வண்டியின் முழுப் பாரமும் மேலே விழும். எண்பதுகளின் கடைசியில் அமெரிக்காவில் மூன்று சக்கர ஏடிவிகளின் விற்பனையையே நிறுத்த வேண்டி வந்தது, அவ்வளவு விபத்துகள். நாலு சக்கரம் அதைவிட நிதானம்தான், ஆனாலும் கவிழும்.

குழந்தைகளின் வயதுக்கென்றே சிறிய எஞ்சினோடு செய்த வண்டிகள் இருக்கின்றன. அதில், ஹெல்மெட்டோடு, மூடிய மைதானத்தில், சொல்லித்தரும் ஒருவர் பக்கத்தில் இருக்க, ஒரு வண்டிக்கு ஒருவர் என்ற கணக்கில் ஓட்டட்டும். அதுவரை வீட்டில் ஸ்க்ரீனை இரண்டாகப் பிரித்து அவனோடு ஒரு ரேஸ் ஆடுங்கள். ப்ரீலோடு போட அவனையே உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள்.