கேரியர் சாமானை எட்டி எடுக்க எது நல்லது: ஏணியா, டயர் ஸ்டெப்பா?

கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய உயரம் ஐந்தடி இரண்டங்குலம். வீட்டில் பொலேரோ வண்டி. மேலே இரும்புக் கேரியர் போட்டு, கூடாரம், தார்ப்பாய், கயிறு, 20 லிட்டர் டீசல் கேன் எல்லாவற்றையும் கட்டி வைத்திருக்கிறார்கள். பின் டயரில் கால் வைத்து ஏறினால் சேறு வழுக்குகிறது. பின் கதவில் ஏணி வைத்து வெல்டிங் அடித்துவிடலாம் என்கிறாராம் கணவர். செய்யலாமா?

முதலில் உயரக் கணக்கைப் பார்ப்போம். பொலேரோவின் உயரம் 1,880 மி.மீ. கேரியரின் தளம் அதற்கும் மேலே கொஞ்சம் இடைவெளி விட்டு இருக்கும். ஆகத் தரையிலிருந்து ஏறக்குறைய 2 மீட்டர். உங்கள் உயரத்தில் கையை முழுக்கத் தூக்கினால் விரல் நுனி அங்கே தொடும், அவ்வளவுதான். பாரத்தைப் பத்திரமாக இறக்க அது தோள் மட்டத்திலாவது இருக்க வேண்டும். அதற்கு நீங்கள் தரையிலிருந்து 70 செ.மீ. மேலே நிற்க வேண்டும். இந்த வண்டிக்கு வரும் 215/75 ஆர் 15 டயரின் உயரமும் கிட்டத்தட்ட 70 செ.மீ.தான். எல்லாரும் டயரில் ஏறுவது அதனால்தான். உயரம் சரி, நிற்கிற இடம்தான் சரியில்லை. மட்கார்டு மூடியது போக வெளியே மிஞ்சுவது நாலு விரல் அகலம், அதுவும் வளைவு, அதன்மேல் சேறு.

கருவி வாங்குவதற்கு முன்னால், காசு செலவில்லாத ஒரு வழி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. மலைச்சாலையில் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். வண்டியை மேட்டை ஒட்டி நிறுத்துங்கள். அந்தத் திட்டில் ஏறி நின்றாலே ஒன்றரை, இரண்டடி உயரம் கிடைத்துவிடும். அடிக்கடி எடுக்கிற சாமானை எப்போதும் அந்தப் பக்கமாகவே கட்டிப் பழகுங்கள். ஆனால் ஏறுவதற்கு முன் காலால் மிதித்துப் பாருங்கள். மேட்டின் அடியில் புல் மூடிய வடிகால் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய மண் திட்டு பொலபொலவென்று சரியும். பள்ளப்பக்கம் நின்று மட்டும் எதையும் இறக்காதீர்கள்.

திட்டு இல்லாத இடத்துக்கு, என் ஓட்டு டயர் ஸ்டெப்புக்கு. டயரின் மேல் கொக்கி போல மாட்டித் தொங்கும் மடக்குப் பலகை அது. இரண்டு பாதத்தையும் முழுசாக ஊன்றி நிற்கலாம். மடக்கு ஸ்டூலும் ஏணியும் தரையை நம்பி நிற்பவை. தேயிலைத் தோட்டத்து ஈர மண்ணில் ஒரு கால் புதைந்தால் போதும், ஆளோடு சாயும். டயர் ஸ்டெப் வண்டியிலேயே தொங்குவதால் நிலம் கோணலாக இருந்தாலும் கவலை குறைவு. வாங்கும் முன் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அந்தக் கொக்கி நுழைய இடம் இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். 70 செ.மீ.க்கு ஒரே எட்டில் ஏறுவது சிரமம். நடுவில் ஒரு சின்ன ஸ்டூல் போட்டுக்கொள்ளலாம்.

கதவைத் திறந்து, பூட்டு கவ்வுகிற வளைந்த கம்பியில் மாட்டும் சின்ன ஸ்டெப்பும் கிடைக்கிறது. சமதளத்தில் பரவாயில்லை. வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து நின்றால், கதவு தன் பாரத்தாலேயே மூட வரும். நடுவில் இருப்பது உங்கள் முழங்கால். மலையில் இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எதில் ஏறினாலும் ஹேண்ட் பிரேக், கியர், இறக்கப் பக்கம் டயருக்கு அண்டைக் கல், மூன்றும் வேண்டும். தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று பாருங்கள், அதுவும் அலுமினிய ஏணியைத் தூக்கும்போது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்த காலையில் இரும்புக் கம்பி கண்ணாடியாக வழுக்கும். வெயில் பட்டுக் காய்ந்த பிறகு ஏறுங்கள்.

ஆட்கள் விழுவது ஏறும்போது மட்டுமல்ல, முடிச்சை அவிழ்க்கும்போதும்தான். நனைந்த கயிறு இறுகிக் கிடக்கும். இரண்டு கையாலும் பலம் கொண்டு இழுப்பார்கள், சட்டென்று விட்டுக்கொடுக்கும், இழுத்த வேகத்தில் மல்லாக்க விழுவார்கள். கயிற்றுக்குப் பதில் பக்கிள் வைத்த பட்டை போடுங்கள். பக்கிள் உங்கள் கைக்கு எட்டுகிற ஓரத்தில் வரட்டும், ஒரு கையாலேயே தளர்த்திவிடலாம். மற்றக் கை கேரியர் கம்பியை விடவே கூடாது. பாரத்தைச் சுமந்துகொண்டு இறங்காமல், கீழே நிற்பவரிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு இறங்குங்கள்.

அப்புறம், மேலே இருக்கிற சாமான் பட்டியல். டீசல் கேனை முதலில் இறக்குங்கள். நிரம்பிய கேன் 17 கிலோவுக்குக் குறையாது. 60 லிட்டர் டேங்க் உள்ள வண்டி. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் எங்கும் பங்க் இருக்கிறது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைச்சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் உச்சியில் இருக்கும் பாரம் வண்டியை வெளிப்பக்கம் சாய்க்கப் பார்க்கும். கூரை தாங்கும் எடை மேனுவலில் இருக்கும். அதில் கேரியரின் எடையையும் கழித்துக்கொள்ள வேண்டும். கூடாரம், தார்ப்பாய், படுக்கை மாதிரி லேசானவை மேலே இருக்கட்டும். டார்ச், மழைக்கோட்டு, முதலுதவிப் பெட்டி, இழுவைக் கயிறு எல்லாம் வண்டிக்குள். முதுமலைக் காட்டுச் சாலையில் நிறுத்தி இறங்கவே கூடாது, அங்கே கேரியரில் இருப்பது இல்லாததற்குச் சமம். தின்பண்டம் மேலே வேண்டாம், உங்களுக்கு முன் குரங்கு எட்டிவிடும்.

இனி கணவர் சொல்லும் ஏணி. பொலேரோவின் பின் கதவு ஏற்கெனவே ஸ்டெப்னியைச் சுமக்கிறது. ஏணியும் ஆளும் சேர்ந்தால் கீல் தொய்ந்து கதவு சரியாக மூடாது. ஏணியின் மேல்முனையைக் கேரியரிலும் கீழ்முனையைக் கதவிலும் பற்றவைத்தால் கதவே திறக்காது. போதாததற்கு, பின்னால் ஏறினால் பின்பாதிச் சாமான் மட்டும்தான் கைக்கு வரும். ஏணி வேண்டியே ஆக வேண்டுமென்றால், மேலே கேரியரிலும் கீழே பம்பரைத் தாங்கும் சேஸிஸிலும் போல்ட் போட்டு முடுக்கி, கதவு திறக்கும் வழியில் குறுக்கிடாமல் ஓரமாக அமைக்கச் சொல்லுங்கள். துளை போட்ட இடத்தில் அன்றைக்கே பெயின்ட் அடித்து சீலன்ட் பூசிவிடுங்கள், நீலகிரி ஈரத்தில் துரு சீக்கிரம் பிடிக்கும்.