டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் ஆல்பங்களில் எது சிறந்தது? எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

‘சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்’ பாட்டை மட்டும் கேட்டிருப்பதாகவும், மீதியை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை என்றும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறந்தது 1982-ல் வந்த ‘லவ் ஓவர் கோல்ட்’. ஆனால் அதிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், 1980-ன் ‘மேக்கிங் மூவீஸ்’ கேட்டுவிட்டு அங்கே போங்கள். ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’தான் உச்சம் என்று பத்துப் பேர் உங்களிடம் சொல்வார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, உடன்பாடும் இல்லை.

இந்த பிரிட்டிஷ் ராக் பேண்ட் போட்டது மொத்தமே ஆறு ஸ்டுடியோ ஆல்பங்கள், 1978-லிருந்து 1991 வரை. எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அதனால் பயப்பட ஒன்றுமில்லை.

டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்றாலே எல்லோரும் பேண்டின் பாடகரான மார்க் நாஃப்ளரின் கிட்டாரைப் பற்றித்தான் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். மனிதர் இடதுகைப் பழக்கம் உள்ளவர், கிட்டாரை மட்டும் வலதுகைக்காரர் போலப் பிடிப்பார். பிளெக்ட்ரம் என்ற சின்னத் தகடு இல்லாமல் விரலாலேயே கம்பியைக் கிள்ளி வாசிப்பார். ஆனால் திரும்பத் திரும்பக் கேட்கக் கேட்க எனக்கு ஊர்ஜிதமானது வேறொன்று. இந்த ஆறு ஆல்பங்களும் ஏன் இப்படி மாறிக்கொண்டே போயின என்று தெரிய வேண்டுமானால், டிரம்ஸில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். முதல் நான்கிலும் பிக் விதர்ஸ். அதற்கப்புறம் அவர் இல்லை.

நீங்கள் கேட்ட ‘சுல்தான்ஸ்’ பாட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். நல்ல ஹெட்போன் போட்டுக்கொண்டு, இந்த ஒரு தடவை கிட்டாரைக் கண்டுகொள்ளாமல் டிரம்ஸில் ஜோடித் தட்டுகளாக இருக்கும் ஹை-ஹாட்டை மட்டும் பின்தொடருங்கள். குச்சியின் நுனி மட்டும் படுகிற மாதிரி அவ்வளவு லேசான தட்டு. எங்கேயும் முண்டியடிப்பதில்லை. பாட்டு சொல்லும் கதையும் அதுதானே? தேம்ஸுக்குத் தெற்கே, மழை இரவில், கூட்டமே இல்லாத ஒரு பப்பில் ஜாஸ் வாசிக்கும் ஆட்கள். பகலில் வேறு வேலை, ராத்திரியில் ஆசைக்கு வாசிப்பு. மூலையில் இருக்கும் இளவட்டங்களுக்கு அவர்கள் இசையில் துளி அக்கறை இல்லை. அந்தப் பாட்டுக்கு முரட்டு ராக் டிரம்ஸ் போட்டிருந்தால் கதையே கெட்டிருக்கும்.

முதல் ஆல்பம் (1978) வந்த நேரத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். லண்டனில் பங்க் என்ற முரட்டு ராக் அலை உச்சத்தில் இருந்தது. அதே லண்டனின் டெப்ட்ஃபோர்டு பகுதியிலிருந்து நான்கு பேர் தாழ்ந்த குரலில், சுத்தமான கிட்டார் ஒலியில் பாடிக்கொண்டு வருகிறார்கள். நாஃப்ளர் அதற்கு முன் லீட்ஸில் பத்திரிகை நிருபராக இருந்தவர், பிறகு கல்லூரியில் பாடம் எடுத்தவர். தம்பி டேவிட் சமூக சேவைத் துறையில் வேலை பார்த்தவர். இவர்களின் டெமோ டேப்பை பிபிசி ரேடியோ லண்டனில் தொகுப்பாளர் சார்லி கில்லெட் தன் நிகழ்ச்சியில் ஒலிபரப்பிய பிறகுதான் கம்பெனிகள் தேடி வந்தன. ‘சுல்தான்ஸ்’ தவிர, இந்த ஆல்பத்தில் ‘டவுன் டு தி வாட்டர்லைன்’, ‘வைல்ட் வெஸ்ட் எண்ட்’ இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவதான ‘கம்யூனிக்கே’ (1979) பஹாமாஸில் ஜெர்ரி வெக்ஸ்லர், பாரி பெக்கெட் என்ற பெரிய தயாரிப்பாளர்களை வைத்துப் பதிவு செய்தது. முதல் ஆல்பத்தின் மீதி மாவில் சுட்ட தோசை. ருசிக்குக் குறைவில்லை, புதிதாக ஒன்றும் இல்லை. கடைசியில் கேட்டால் போதும்.

‘மேக்கிங் மூவீஸ்’ நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டுடியோவில் உருவானது. தம்பி டேவிட் பதிவின் நடுவிலேயே விலகிப் போனார். பியானோவுக்கு புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ஆள் ராய் பிட்டன் வந்தார். பேண்ட் பெரிதாக மூச்சு விட ஆரம்பித்தது இங்கேதான். முதல் பாட்டான ‘டனல் ஆஃப் லவ்’ எட்டு நிமிடம். ராட்டின மைதானத்து ஆர்கன் வாசிப்பில் தொடங்கும், அது ரிச்சர்ட் ராட்ஜர்ஸின் ‘கரூசல் வால்ட்ஸ்’. பிறகு திருவிழாக் கூட்டத்தில் ஒரு பெண்ணைச் சந்திப்பது, பிரிவது, திரும்ப ஒவ்வொரு ராட்டினமாகத் தேடுவது என்று போகும். நியூகாசில் பக்கம் விட்லி பே என்ற கடலோர ஊரில் ‘ஸ்பானிஷ் சிட்டி’ என்று ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. அந்தப் பகுதியில் வளர்ந்த நாஃப்ளர் அதைப் பெயர் சொல்லியே பாடுகிறார். பாட்டு முடிந்த பிறகும் கிட்டாரும் பியானோவும் விட மனமில்லாமல் பேசிக்கொண்டே போகும் அந்தக் கடைசி நிமிடங்களுக்காகவே இந்த ஆல்பத்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன்.

அடுத்தது ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’. அதில் மணி மணியாக உதிரும் அந்த முன்னிசை, உலோக உடம்புள்ள நேஷனல் கிட்டாரில் வாசித்தது. பின்னால் ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ அட்டையில் நீல வானத்தில் மிதக்கிறதே, அதே கிட்டார்தான். ‘ஸ்கேட்அவே’ பாட்டை பிக் விதர்ஸுக்காகக் கேளுங்கள். ஹெட்போனோடு நகரத்துப் போக்குவரத்துக்கு நடுவே ஸ்கேட்டிங் போகும் பெண்ணைப் பற்றிய பாட்டு, அவளை ஓட வைப்பது டிரம்ஸ். கடைசிப் பாட்டு ‘லே பாய்ஸ்’ எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை, தாண்டிவிடலாம்.

சரி, ‘லவ் ஓவர் கோல்ட்’. ஐந்தே பாட்டு. முதலாவது ‘டெலிகிராஃப் ரோடு’, 14 நிமிடத்துக்கும் மேல். அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கம் நிஜமாகவே அந்தப் பெயரில் ஒரு நீண்ட சாலை இருக்கிறது. சுற்றுப்பயணத்தில் பஸ் அதில் போய்க்கொண்டே இருந்தபோது, நூட் ஹாம்சுனின் ‘நிலவளம்’ நாவலைப் படித்துக்கொண்டிருந்த நாஃப்ளருக்கு இரண்டும் சேர்ந்து பாட்டானது. காட்டுக்குள் முதுகில் மூட்டையோடு ஒருவன் வருகிறான், குடிசை போடுகிறான். பின்னாலேயே ஆட்கள், சர்ச், பள்ளிக்கூடம், வக்கீல், சட்டம், சுரங்கம், தொழிற்சாலை எல்லாம் வருகின்றன. பிறகு வேலை போகிறது. ஓர் ஊர் பிறந்து, வளர்ந்து, நொடித்துப் போவது மொத்தமும் ஒரே பாட்டில். ஆரம்பத்தில் கேட்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெல்லிய ஒலி. வால்யூமைக் கூட்டாதீர்கள், நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். கடைசிச் சில நிமிடங்கள் பாட்டே கிடையாது. கிட்டார் ஏறிக்கொண்டே போக, விதர்ஸ் அதை விரட்டிக்கொண்டு போவார். முதல் பாதியில் அவர் அடக்கி வைத்திருந்ததெல்லாம் எதற்காக என்று அப்போது புரியும்.

இரண்டாவது ‘பிரைவேட் இன்வெஸ்டிகேஷன்ஸ்’. நைலான் கம்பி கிட்டார், மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பா, பாதிப் பேச்சாக ஒரு குரல். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில் ஜான் இல்ஸ்லியின் பேஸ் கிட்டார் மட்டும் இதயத் துடிப்பாக நிற்கும். சுற்றிலும் நிசப்தம். காலடிச் சத்தம், கண்ணாடி உடைகிறது, திடீரென்று கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து பளாரென்று ஓர் அறை. இரவில் தனியாகக் கேட்டு நான் ஒருமுறை உண்மையாகவே திடுக்கிட்டிருக்கிறேன். இப்படி ஒரு பாட்டு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது என்றால் இன்று நம்ப முடிகிறதா?

இந்த ஆல்பத்தோடு பிக் விதர்ஸ் பேண்டை விட்டுப் போய்விட்டார். டெர்ரி வில்லியம்ஸ் வந்தார், பலசாலியான டிரம்மர். 1983-ல் லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியனில் பதிவு செய்த ‘ஆல்கெமி’ என்ற நேரடிக் கச்சேரி ஆல்பத்தில் அவரை முழு வேகத்தில் கேட்கலாம். இதை ஸ்டுடியோ கணக்கில் சேர்க்க முடியாது, ஆனால் கட்டாயம் கேளுங்கள். அதில் ‘சுல்தான்ஸ்’ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நீளம். ஆர்ப்பாட்டம் அதிகம், அரங்கத்துக்கு அது பொருத்தம்தான். அந்தக் காலி பப் மட்டும் காணாமல் போய்விட்டது.

‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ (1985) மான்செராட் தீவில் பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் ஸ்டுடியோவில் டிஜிட்டலில் பதிவானது. பத்து லட்சம் சிடி விற்ற முதல் ஆல்பம் இதுதான். புது ஸ்டீரியோ வாங்கியவர்கள் வீட்டுக்கு வந்தவர்களிடம் போட்டுக் காட்டியது பெரும்பாலும் இதைத்தான். டெர்ரி வில்லியம்ஸ் வாசித்ததில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, ஜாஸ் டிரம்மர் ஓமர் ஹக்கீமை வரவழைத்துத் திரும்ப வாசிக்க வைத்தார்கள். ‘மனி ஃபார் நத்திங்’ தொடக்கத்தில் டிரம்ஸ் இடியாக உருண்டு வருமே, வில்லியம்ஸ் வாசித்த அது மட்டும் தப்பித்துவிட்டது. அந்தப் பாட்டின் தடித்த கிட்டார் ஒலி, மைக் தாறுமாறாகத் தரையைப் பார்த்துக் கிடந்ததால் தற்செயலாக வந்தது என்பார்கள். உச்சக் குரலில் பாடுவது ‘தி போலீஸ்’ பேண்டின் ஸ்டிங்.

கடைசிப் பாட்டான ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’, 1982 ஃபாக்லாந்து போரை மனதில் வைத்து எழுதியது. அதன் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ‘தி மேன்ஸ் டூ ஸ்ட்ராங்’ பாட்டும் அப்படியே. ஆனால் ‘வாக் ஆஃப் லைஃப்’, ‘ஒன் வேர்ல்ட்’ வகையறாக்கள் பளபளவென்று இருக்கின்றன, அவ்வளவுதான்.

ஆறு வருஷம் கழித்து ‘ஆன் எவ்ரி ஸ்ட்ரீட்’ (1991). டிரம்ஸில் பெரும்பாலும் டோட்டோ என்ற அமெரிக்க பேண்டின் ஜெஃப் போர்காரோ. பெடல் ஸ்டீல் என்ற கிட்டார் வகை வந்து அமெரிக்க கன்ட்ரி இசையின் வாசம் ஏறியிருக்கிறது. இது பேண்டின் ஆல்பமா, நாஃப்ளரின் தனி ஆல்பமா என்று சந்தேகமே வரும். ‘ஹெவி ஃப்யூவல்’ பழைய வெற்றியின் கார்பன் காப்பி, வேண்டாம். ‘அயர்ன் ஹேண்ட்’ கேளுங்கள். 1984-ல் இங்கிலாந்தின் ஓர்கிரீவில் வேலைநிறுத்தச் சுரங்கத் தொழிலாளர்கள் மீது குதிரைப் போலீஸ் பாய்ந்ததைப் பற்றிய சின்னப் பாட்டு. ‘பிளானெட் ஆஃப் நியூ ஆர்லியன்ஸ்’ எட்டு நிமிடம், அவசரமில்லாத ஒரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1992-ல் ஸ்பெயினின் சரகோசாவில் சுற்றுப்பயணம் முடிந்தது. அதன் பிறகு அவர்கள் ஒன்றாக ஊர் சுற்றவில்லை. 2018-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் மரியாதை செய்தபோது நாஃப்ளர் விழாவுக்கே போகவில்லை. ஜான் இல்ஸ்லிதான் மேடையேறித் தங்கள் பேண்டைத் தானே அறிமுகப்படுத்தினார்.

ஆக வரிசை இப்படி: ‘மேக்கிங் மூவீஸ்’, முதல் ஆல்பம், ‘லவ் ஓவர் கோல்ட்’, ‘ஆல்கெமி’, ‘பிரதர்ஸ்’, ‘ஆன் எவ்ரி ஸ்ட்ரீட்’, நேரமிருந்தால் ‘கம்யூனிக்கே’. ‘டெலிகிராஃப் ரோடு’ கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் கீழே கருத்தில் திட்டலாம்.