கணினி கேள்வி–பதில்: இழுத்தால் நகராத விண்டோ

கேள்வி: குலசேகரத்தில் ரப்பர் ஷீட் எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். கணக்கு எழுத ஒரு பழைய லேப்டாப். ரேம் 4 ஜிபி. போன மாதம் ஒரு கடையில் கொடுத்து லினக்ஸ் மின்ட் இயங்குதளம், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போட்டு வாங்கினேன். அன்றிலிருந்து ஒரு விண்டோவைப் பிடித்து இழுத்தால், கை நின்ற பிறகுதான் அது வந்து சேருகிறது. கணக்கை மேலும் கீழும் உருட்டினால் ஃபேன் இரைகிறது. பிரைட்னஸ் கூட்டிக் குறைக்கிற கீயும் வேலை செய்யவில்லை, அது போகட்டும். விண்டோ மேனேஜரை மாற்றினால் சரியாகும் என்கிறான் கல்லூரியில் படிக்கும் மகன். மாற்றலாமா?
– ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: மாற்ற வேண்டாம் அண்ணாச்சி. 'அது போகட்டும்' என்று தள்ளிவிட்டீர்களே, அந்த வரியில்தான் விஷயம் கிடக்கிறது.

என் அப்பா நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து, பக்கம் கட்டி, மெஷினுக்கு அனுப்புவார். மை தடவி அடிப்பது வேறு ஆள். எக்ஸ்எஃப்சிஇ என்பது உங்கள் டெஸ்க்டாப். அதில் விண்டோக்களை அடுக்கி நகர்த்துகிற விண்டோ மேனேஜருக்குள்ளும் ஒரு கம்பாசிட்டர் இருக்கிறது, பெயரே அதுதான். ஒவ்வொரு விண்டோவையும் திரைக்கு வெளியே நினைவகத்தில் தனித்தனியாக வரையச் சொல்லி, அப்புறம் நிழல், ஊடே தெரிகிற கண்ணாடித்தன்மை எல்லாம் சேர்த்து ஒரே பக்கமாகக் கட்டித் திரைக்கு அனுப்பும். வரைகிற உழைப்பு அதனுடையது அல்ல. அதைத் திரையில் வரைவதற்கென்றே இருக்கிற எக்ஸ் சர்வர் என்ற நிரலிடமும், அது வழியாக கிராபிக்ஸ் சிப்பிடமும் ஒப்படைத்துவிடும். 1984-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது எக்ஸ். அதில் வரைகிறவர் வேறு, விண்டோக்களை அடுக்குகிறவர் வேறு என்று பிரித்து வைத்தார்கள். இதனால் நமக்கு ஒரு வசதி. மெதுவாக இருந்தால் எந்த ஆள் திணறுகிறார் என்று பார்த்துவிடலாம்.

கடிதத்தில் போன் எண் இருந்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். (வாசகருக்கு நினைவிருக்கும், பின்னால் ரப்பர் ஷீட் புகைபோடுவதைப் பற்றியே பாதி நேரம் பேசினோம்.) கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து, எந்த நிரல் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் 'டாப்' என்ற கட்டளையைத் தட்டிவிட்டு, ஒரு விண்டோவைச் சும்மா வட்டமாக இழுக்கச் சொன்னேன். பட்டியலில் மேலே நின்றது விண்டோ மேனேஜர் அல்ல, எக்ஸ்ஆர்க் (எக்ஸ் சர்வரின் பெயர்தான் அது). அதாவது அடுக்குகிறவர் சும்மா இருக்கிறார். வரைகிறவர்தான் மூச்சு வாங்குகிறார்.

அடுத்து 'மெசா-யூட்டில்ஸ்' என்ற பொதியை நிறுவி, 'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் பெரிய எழுத்து 'பி'-யும் போடச் சொன்னேன். இந்தப் பக்கத்தில் ஆங்கில எழுத்து அச்சிடுவதில்லை. கட்டளைகளை ஒலித்தபடி தட்டிக்கொள்ளுங்கள். வந்த வரிகளில் 'ஓபன்ஜிஎல் ரெண்டரர்' என்பதற்கு நேராக இன்டெல் என்று வந்திருக்க வேண்டும். வந்ததோ 'எல்எல்விஎம்பைப்'. கிராபிக்ஸ் சிப் கிடைக்காதபோது, அந்த வேலையைப் பிராசஸரையே செய்யவைக்கும் மாற்று ஏற்பாடு இது. ஆக, கம்பாசிட்டர் பக்கம் கட்டுகிறார், ஆனால் மெஷின் இல்லை; ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியையும் கையால் எழுதிக்கொண்டிருக்கிறார்!

எவ்வளவு எழுத வேண்டும் தெரியுமா? உங்கள் திரை 1366-க்கு 768. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் வைத்தால் ஒரு முழுத்திரை சுமார் 4 எம்பி. நொடிக்கு 60 தடவை என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 16 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல். இதில் நிழலும் கண்ணாடித்தன்மையும் கலக்கும் கணக்கு தனி. கிராபிக்ஸ் சிப்புக்கு இது சுண்டைக்காய். பழைய பிராசஸருக்கோ நாக்குத் தள்ளிவிடும்.

சரி, சிப் இருந்தும் ஏன் கிடைக்கவில்லை? பிரைட்னஸ் கீ அப்போதே சொல்லிவிட்டது. இன்டெல் லேப்டாப்களில் திரையின் வெளிச்சத்தையும் பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவர்தான் (சிப்பை இயக்குகிற மென்பொருள்) பார்த்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து படுத்தால் டிரைவரே ஏறவில்லை என்று சந்தேகப்படலாம். ஈடிசி ஃபோல்டருக்குள் டிஃபால்ட், அதற்குள் 'கிரப்' என்ற கோப்பைத் திறந்து வாசிக்கச் சொன்னேன். லேப்டாப்பை ஆன் செய்ததும் லினக்ஸை ஏற்றிவிடுகிற நிரல்தான் கிரப்; அதற்கான அமைப்புகள் இந்தக் கோப்பில் இருக்கும். ஒரு வரியில் 'நோமோட்செட்' என்ற சொல் இருந்தது. நிறுவும்போது திரை கறுத்துப்போனால் இந்தச் சொல்லைப் போட்டு, டிரைவர் இல்லாமல் லினக்ஸை ஏற்றுவார்கள். அதில் தப்பில்லை, நானும் செய்வேன். கட்டடம் முடிந்ததும் சாரத்தைப் பிரிக்க மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

கோப்பில் நேராகக் கைவைக்க நான் விடவில்லை. லேப்டாப்பை ஆன் செய்ததும் எஸ்கேப் கீயைத் தட்டினால் (பழைய பயாஸ் என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடித்தால்) கிரப் மெனு வரும். 'இ' அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் அந்தச் சொல்லை மட்டும் அழித்து, எஃப்10. இது அந்த ஒரு தடவைக்குத்தான். திரை கறுத்துவிட்டாலும் அணைத்துப் போட்டால் பழையபடி வந்துவிடும். அவருக்குக் கறுக்கவில்லை. ரெண்டரர் வரியில் இன்டெல் வந்தது. பிரைட்னஸ் கீயும் உயிர் பெற்றது. அதன் பிறகுதான் கோப்பில் சொல்லை நீக்கி, நிர்வாகி உரிமையோடு 'அப்டேட்-கிரப்' ஓட்டச் சொன்னேன். என்விடியா கார்டு உள்ளவர்கள் கவனிக்க: சரியான டிரைவர் போடும் வரை சில மெஷின்களில் அந்தச் சொல் தேவைப்படும்.

மகன் சொன்னதையும் தள்ளிவிட முடியாது. அவர் ஓப்பன்பாக்ஸ் என்ற வேறு விண்டோ மேனேஜரைப் போட்டிருந்தால் வேகம் கூடியிருக்கும், ஏனென்றால் அதில் கம்பாசிட்டரே கிடையாது. காய்ச்சல் இறங்கியிருக்கும், நோய் அப்படியே இருந்திருக்கும். யூடியூப் திறந்த அன்று மறுபடி இரைந்திருக்கும். டிரைவர் ஏறியும் மெதுவாகத்தான் இருக்கிறது என்றால் எதையும் மாற்றிப் போட வேண்டாம். செட்டிங்ஸில் 'விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்', அதில் 'கம்பாசிட்டர்' பக்கம், முதல் டிக்கை எடுத்துவிடுங்கள். நிழல் போய்விடும். வீடியோவில் படம் நடுவே கிழிந்தாற்போல் தெரியலாம். ரப்பர் கணக்குக்கு அது ஒரு பொருட்டா?

கேள்வி: எனக்கும் எக்ஸ்எஃப்சிஇ-தான். காலையில் வேகம், இரண்டு மணி நேரம் கழித்து ஆமை. விண்டோ மேனேஜர் மெமரியைத் தின்கிறதா?
– ஒரு வாசகி, குளச்சல்

பதில்: கண்டுபிடிக்க ஒரு துண்டுச்சீட்டு போதும். காலையில் 'டாப்'பில் எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 (உங்கள் விண்டோ மேனேஜரின் பெயர்) வரிக்கு நேராக 'ரெஸ்' என்ற எண்ணை, அதாவது அது பிடித்திருக்கும் மெமரியை, குறித்து வையுங்கள், மதியம் இன்னொரு தடவை. மடங்கு மடங்காக ஏறியிருந்தால் நீங்கள் நினைத்தது சரி. அப்போது ஆல்ட்-எஃப்2 அழுத்தி, அதே பெயரோடு இடைவெளி விட்டு, இரண்டு சிறு கோடும் 'ரீப்ளேஸ்' என்ற சொல்லும் தட்டுங்கள். எக்ஸில் விண்டோ மேனேஜர் தனி ஆள் என்றேனே, அதனால் திறந்திருக்கும் எதுவும் மூடாமல் அவர் மட்டும் மாறிக்கொள்வார். எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலண்டில் இந்த வித்தை செல்லாது. அங்கே வரைகிறவரும் அடுக்குகிறவரும் ஒருவரே.

எண் ஏறவில்லையா? லேப்டாப்பின் அடியில் கைவைத்துப் பாருங்கள். சூடு கூடினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கடற்கரையோர வீடுகளிலிருந்து என்னிடம் வருகிற லேப்டாப்களில் ஃபேனுக்குப் பின்னால் தூசியும் உப்பு ஈரமும் சேர்ந்து கருப்பட்டி மாதிரி இறுகிக் கிடக்கும். பெயின்ட் பிரஷும் ஸ்க்ரூ டிரைவரும் போதும். பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்.