மூன்றாம் வரிசையில் உட்காரப்போவது யார்?

கேள்வி: மூன்று குழந்தைகள். மூத்தவளுக்கு ஏழு வயது, கடைக்குட்டிக்கு எட்டு மாதம். மூவருக்கும் சைல்டு சீட் வேண்டும். ஏழு பேர் அமரும் எஸ்யூவி போதுமா, மினிவேன்தான் வாங்க வேண்டுமா?

பதில்: எத்தனை சீட் என்பதை விடுங்கள். சைல்டு சீட்டுகளை மாட்டிய பிறகு கடைசி வரிசைக்குப் போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான எஸ்யூவிகளில் நடு வரிசையின் முதுகை மடக்கி, சீட்டை முன்னால் தள்ளினால்தான் பின்னால் ஏற முடியும். அங்கே சைல்டு சீட் மாட்டிவிட்டால் முதுகு மடங்காது. சில மாடல்களில் சீட் அப்படியே முன்னோக்கிச் சாயும். ஆனால் அப்போது குழந்தை அதில் இருக்கக் கூடாது. கைக்குழந்தையின் பின்பார்த்த சீட் என்றால் முன்சீட்டில் முட்டிக்கொள்ளும். நடுவில் நடைவழி விட்டு இரண்டு தனிச் சீட் வைத்த வண்டியில் இந்தச் சிக்கல் இல்லை. அத்தகைய அமைப்பு எஸ்யூவியிலும் கிடைக்கிறது. ஆனால் மினிவேனில் நடைவழி அகலம், தரையும் சமம்.

மூன்றையும் ஒரே வரிசையில் வைக்க நினைத்தால் டேப் எடுத்து அளந்துவிடுங்கள். சைல்டு சீட் ஒன்று பெரும்பாலும் 44 முதல் 48 செ.மீ. அகலம், மூன்றுக்கு 132 முதல் 144 செ.மீ. வேண்டும். இடம் இருந்தாலும் பூஸ்டரில் (உயரம் கூட்டி வண்டியின் பெல்ட்டையே போடவைக்கும் சீட்) உட்காரும் மூத்தவள் பெல்ட் கொக்கியை மாட்ட இடுக்கில் கை போக வேண்டும். தினமும் காலையில் தகராறு வருவது இங்கேதான். ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் (பெல்ட் இல்லாமல் சைல்டு சீட்டை நேரடியாக மாட்டும் கொக்கிகள்) எந்தெந்தச் சீட்டில் உள்ளன என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் நடு வரிசையின் இரண்டு ஓரங்களில் மட்டும்தான். அந்தக் கொக்கிக்கும் எடை வரம்பு உண்டு. ஐரோப்பிய விதியில் குழந்தையும் சீட்டும் சேர்ந்து 33 கிலோ, அமெரிக்காவில் 29.5 கிலோ. அதைத் தாண்டினால் சீட் பெல்ட்டால் கட்ட வேண்டும்.

மூன்று சீட்டையும் ஷோரூமுக்கே எடுத்துப்போய் மாட்டிவிட்டு, மூத்தவளை யார் உதவியும் இல்லாமல் பின்னால் ஏறச் சொல்லுங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கேள்வி: எஸ்யூவி வெளியிலிருந்து மினிவேன் அளவுக்கே பெரிதாக இருக்கிறது. ஏழு பேரும் ஏறினால் டிக்கியில் பை வைக்க இடமில்லை. ஏன்?

பதில்: எல்லாம் தரையின் உயரம். எஸ்யூவியின் பின்பக்கத் தரைக்கு அடியில் ஆல் வீல் டிரைவின் (நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் அமைப்பு) டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி, சஸ்பென்ஷன், ஸ்டெப்னி எல்லாம் அடைந்து கிடக்கின்றன. அதனால் தரை மேலே ஏறுகிறது. கூரையை அதே அளவு ஏற்ற முடியாததால் சீட் மெத்தையைத் தாழ்த்துகிறார்கள். பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் மார்புக்கு வருவது அதனால்தான். மினிவேன் அடிப்படையில் முன்சக்கர இழுவை வண்டி. கடைசி சீட்டுக்குப் பின்னால் தரையில் ஆழமான குழி விட முடிகிறது. சீட் நிமிர்ந்திருந்தால் குழியில் சாமான், மடக்கினால் குழிக்குள் சீட்.

எல்லாச் சீட்டும் நிமிர்ந்த நிலையில் நடுத்தர எஸ்யூவியில் பொதுவாக 450 முதல் 600 லிட்டர் இடம். பெரிய மினிவேனில் 900 லிட்டரைத் தாண்டும். ஆனால் விளம்பரத் தாள்களை ஒப்பிடும்போது கவனம்: சிலர் கூரைவரை அளக்கிறார்கள், சிலர் சீட் முதுகின் உயரம்வரை மட்டும். ஜெர்மானிய வாகனத் துறைச் சங்கத்தின் வி.டி.ஏ. முறையில் 200×100×50 மி.மீ. கட்டைகளை அடுக்கி எண்ணுவார்கள், கட்டைக்கு ஒரு லிட்டர். உங்கள் பெரிய பெட்டியையும் மடக்கிய குழந்தை வண்டியையும் நேரில் வைத்துப் பார்ப்பதே நம்பகமான அளவு.

கேள்வி: மினிவேன் அழகாக இல்லை என்கிறார் வீட்டுக்காரர். என்ன சொல்லிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: ஒன்றும் சொல்ல வேண்டாம். கடைசி வரிசையில் அவரையே உட்காரவைத்து அரை மணி நேரம் எஸ்யூவியை நீங்கள் ஓட்டுங்கள்.

கேள்வி: பழைய மினிவேனின் தானியங்கி ஸ்லைடிங் டோர் பாதியில் நின்று திரும்பிப் போகிறது. மோட்டார் போய்விட்டதா?

பதில்: மோட்டாரைக் கழற்றுமுன் செலவில்லாத சோதனை ஒன்று. டாஷ்போர்டில் இருக்கும் கதவு பவர் சுவிட்சை அணைத்துவிட்டுக் கையால் தள்ளிப் பாருங்கள். ஒரே சீராக ஓடினால் கோளாறு மின்சாரப் பக்கம். எங்காவது இறுகினால் தடத்திலோ உருளையிலோ.

தடங்கள் மூன்று: மேலே, கீழே, வெளிப்பக்கம் பின்கண்ணாடிக்கு அடியில். கீழ்த் தடத்தில்தான் மணல், சில்லறைக் காசு, பொம்மைத் துண்டு எல்லாம் சேரும். வேக்குவம் போட்டு, பழைய பல்துலக்கியால் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு சிலிகான் ஸ்ப்ரே மெல்லியதாக ஒரு பூச்சு. கெட்டியான கிரீஸை அப்பிவைத்தால் அடுத்த மாதமே மணலோடு கலந்து உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். உருளையைக் கையால் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்றால் மாற்ற வேண்டும்.

கையால் தள்ளும்போது சீராக ஓடினால் அடுத்தது பேட்டரி. நிறுத்தி வைத்த வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 வோல்ட் அளவில் பாதிதான். தளர்ந்த பேட்டரியில் கதவு இழுக்கத் திணறுவதை எதிரே ஏதோ தடை என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டு கதவைத் திருப்பி அனுப்பும். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டியிருந்தால் கதவு தன் நிலையை மறந்திருக்கலாம். கையால் ஒருமுறை முழுக்க மூடிவிட்டுப் பிறகு சுவிட்சைப் பயன்படுத்துங்கள். பெட்ரோல் மூடி திறந்திருந்தால் அந்தப் பக்கக் கதவு பல வண்டிகளில் முழுதாகத் திறக்காது. அது பழுதல்ல, பாதுகாப்பு. இதெல்லாம் சரியாக இருந்தும் நின்றால் இழுகேபிள் நூல் பிரிந்திருக்கும், அல்லது கதவோடு மடங்கி மடங்கி ஓடும் வயர்கட்டில் ஒன்று அறுந்திருக்கும். அது மெக்கானிக் வேலை.

கேள்வி: ஏழு பேர், கூரைமேல் பெட்டி, பின்னால் சிறிய டிரெய்லர். எது தாங்கும்?

பதில்: ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்த்து இவ்வளவுதான் என்ற எண் அதில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மொத்த எடை வரம்பிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழியுங்கள். 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் நால்வர் 280, குழந்தைகள் மூவர் 90, சைல்டு சீட்டுகள் 24, தலைக்குப் பதினைந்து கிலோ பை என்றால் 105, கூரைப்பெட்டி சாமானோடு 60. ஆகமொத்தம் 559. மிச்சம் 41 கிலோ. டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு இழுகொக்கியின்மேல் இறங்கும். ஆயிரம் கிலோ டிரெய்லர் என்றால் 100 கிலோ. கணக்கு அங்கேயே உடைந்துவிட்டது. உருவத்தில் முரட்டுத்தனம் இருப்பதால் எஸ்யூவி அதிகம் சுமக்கும் என்று நினைக்காதீர்கள். இழுக்கும் திறன் வேறு, சுமக்கும் திறன் வேறு.

இழுப்பதில் எஸ்யூவிக்குத்தான் கை ஓங்கும். மினிவேனுக்கு வழக்கமாக 1,600 கிலோ, நடுத்தர எஸ்யூவிக்கு 2,200 கிலோ அளவு. தனி இரும்புச் சட்டகத்தின்மேல் கட்டிய பெரிய எஸ்யூவி 3,000 கிலோவையும் தாண்டும். அடிக்கடி இழுப்பீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், எஸ்யூவி. முழுச் சுமையோடு கிளம்பும்போது ஸ்டிக்கரில் உள்ள உயர்ந்த காற்றழுத்தத்தை டயரில் நிரப்புங்கள். கூரை வரம்பு பெரும்பாலும் 75 முதல் 100 கிலோ. பெட்டியின் எடையும் கம்பிகளின் எடையும் அதற்குள் அடக்கம்.

கேள்வி: மண்பாதை, மழைக்காலச் சேறு. ஆல் வீல் டிரைவ் கட்டாயமா?

பதில்: புதையாமல் கிளம்ப உதவும், பிரேக் பிடிக்க உதவாது. அதற்கு டயர்தான். மினிவேனுக்கு உண்மையான இடையூறு கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளி: பெரும்பாலும் 160 மி.மீ. பக்கம், எஸ்யூவியில் 200-ஐத் தாண்டும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே மூன்று மீட்டர் நீளம் இருப்பதால் கூரான மேட்டில் வயிறு உரசும், அதுவும் ஆள் நிறைந்தால். தினமும் அப்படிப்பட்ட பாதை என்றால் மினிவேன் வேண்டாம்.

கேள்வி: மூட்டுவலியுள்ள அப்பா அம்மாவும் எங்களோடு வருவார்கள். எதில் ஏறுவது எளிது?

பதில்: அவர்கள் வீட்டில் சிரமமின்றி உட்கார்ந்து எழும் நாற்காலியின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். வண்டிச் சீட்டின் மெத்தை ஏறக்குறைய அதே உயரத்தில் இருந்தால் நல்லது. எஸ்யூவியில் அது கூடுதல். ஏறக் காலைத் தூக்க வேண்டும், இறங்கும்போது நழுவி இறங்க வேண்டும். மினிவேனில் தரை தாழ்வு, கதவு பக்கவாட்டில் முழுக்க விலகும். ஒட்டி இன்னொரு வண்டி நின்றாலும் ஏற முடியும். தூணில் கைப்பிடி இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லாத மாடல்களும் உண்டு. அவர்களை நடு வரிசையில் வையுங்கள். பின் வரிசைக்கு ஏ.சி. காற்று கூரை வழியாகத் தனியே வருகிறதா என்பதையும் கவனியுங்கள். பழைய வண்டி வாங்குவதானால், வண்டியை லிஃப்டில் தூக்கி, பின்பக்க ஏ.சி.க்கு அடிப்பக்கம் நீளமாக ஓடும் அலுமினியக் குழாய்களைப் பாருங்கள். கல்லும் சேறும் பட்டு அரித்து, எண்ணெய்க் கசிவோடு வெண்பூ பூத்திருந்தால் விலையைக் குறையுங்கள், இல்லையேல் வேறு வண்டி பாருங்கள்.